கசடுப் படுகையில் தக்காளி கொண்ட படலம்

வாழி, தொட்டிக்காரரே, வாழி! நாற்றம் அஞ்சா நாசியோரே, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸில் மூவுலகும் அளந்தவரே, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும் பேராண்மையாளரே, வாழி! மாடியில் துணி காயப்போடும் சாக்கில் நாற்புறமும் நோக்கும் மாதர்களே, கேளுங்கள். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தெருவைப் படிக்கும் ஆடவர்களே, கேளுங்கள். அல்லும் பகலும் ஓயாது மூச்செறியும் ப்ளோயர் என்னும் இரும்புப் பேருருவே, தொட்டிக்குக் காற்றூட்டுவதுபோல் இக்கதைக்கும் சற்றே காற்றூட்டு!

நம் ஊர் ஒரு சரிவில் உட்கார்ந்திருக்கிறது. மேலே மேட்டுத் தெரு, கீழே பள்ளத் தெரு, நடுவில் எதையும் பார்க்காததுபோல் எல்லாவற்றையும் பார்க்கும் நம் தெரு. மேட்டுத் தெருப் பளிங்குக் குளியலறையில் வாசனைச் சோப்பு நுரைத்தாலும், பள்ளத் தெருக் குழாயடியில் பாத்திரம் கழுவினாலும், அத்தனையும் நிலத்தடிக் குழாய்களில் ஒன்றையொன்று நலம் விசாரித்தபடி, அந்தஸ்தும் குலப்பெருமையும் கரைந்து, ஊர்க்கோடியில் ஓடைக்குச் சற்று முன்பாக, நகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்னும் சிறுகோட்டையின் வாயிலில் வந்து தலைவணங்கும். அங்கே சல்லடைக் கம்பிகள் வேலேந்திய காவலர்போல் வரிசையாக நின்று கந்தலையும் கவரையும் தடுக்கும். அடுத்த தொட்டியில் காற்று குமுறிக் கொப்புளிக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ச் சேனை ஊரார் விட்டதையெல்லாம் உண்டு கொழுக்கும். அதற்கடுத்த தொட்டியில் யாவும் அமைதியுற்று, கசடு கீழே படியும், தெளிவு மேலே மிதக்கும். தெளிந்தது ஓடைக்குப் போகும். ஓடை ஏரிக்குப் போகும். ஏரியின் நீரைக் குடித்துவிட்டு அடுத்த ஊர்க்காரர்கள் நம் ஊரைப் பற்றிக் குறை சொல்வார்கள்.

இக்கோட்டையின் காவலர்தான் நம் தொட்டிக்காரர். மேட்டுத் தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள், எந்தக் குழந்தைக்குப் பேதி, எந்தத் தம்பதி தலைக்குச் சாயம் பூசத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் சல்லடையைப் பார்த்தே சொல்லக்கூடியவர். ஆனால் சொல்ல மாட்டார். இத்தனை பெரிய செல்வத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காத மனிதரை இத்தெரு எப்படி மன்னிக்கும் என்பது வேறு கதை.

இவ்வீரரின் மார்பில் ஆறாத புண் ஒன்றுண்டு. அதன் பெயர் மாமனார்.

மாமனாரோ லேசுப்பட்டவர் அல்லர். காலமெல்லாம் மொத்தக் காய்கறி வியாபாரம் செய்து, கத்திரிக்காயின் காம்பைக் கண்டே அதன் குலம் கோத்திரம் உரைத்தவர். மீசையின் இரு முனைகளும் தராசுத் தட்டுகள்போல் சமமாய் நிற்கும் நீதிமான். மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் டப்பாவும் பையில் ஏந்தி, பகைநாட்டுக்குள் நுழையும் படைத்தலைவர்போலவே வருவார். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. கேட்பவரிடமெல்லாம் "மாப்ள தண்ணி சம்பந்தமான வேலையில இருக்காரு" என்பார். "எந்தத் தண்ணின்னு மட்டும் சொல்ல மாட்டாரு" என்று அவர் மகளே நம்மிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

சென்ற முறை வந்தபோது நடந்ததைத் தெருவே கேட்டது. நாம் ஒட்டுக்கேட்கவில்லை, காற்று நம் பக்கம் அடித்தது. தொட்டிக்காரர் ஓர் ஆரஞ்சை உரித்து, நார் நீக்கி, சுளை பிரித்து, பணிவோடு நீட்டினார்.

"கை கழுவுனீங்களா மாப்ள?"

"கழுவுனேன் மாமா."

"சோப்பு போட்டா?"

"போட்டேன் மாமா."

"சரி, எனக்குப் புளிப்பு ஆகாது. நீங்க சாப்பிடுங்க."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய நம் நாயகர், வாசற்படியில் நின்று, வலக்கையை உயர்த்தி, எதிர்மாடிவரை அதிரும்படி சூளுரைத்தார்: "அடுத்த தடவை அந்த மனுசன் இந்த வீட்ல இருக்குற ஒரு பொருளைப் பார்த்து, நல்லா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லணும். சொல்ல வைக்கலேன்னா இந்த பூட்ஸையே கழட்டிடறேன்!"

"மொதல்ல வீட்டுக்குள்ள வரும்போது கழட்டுங்க" என்றது உள்ளிருந்து ஓர் அசரீரி. அது அவர் மனைவி.

நிற்க. இனிக் காவியப் பொருளாகிய கனிக்கு வருவோம்.

தக்காளி விதையை அற்பமென்று எண்ணாதீர். யாரோ ஒருவர் வாயில் விழுந்து, பல்லென்னும் செக்குகளுக்குத் தப்பி, இரைப்பையின் அமிலக் கடலில் நீந்தி, குடலென்னும் இருள்வழிக் குகையில் திசை தெரியாது திரிந்து, ஒருநாள் இடியோசையோடு பொங்கிய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, குழாய்களின் பாதாளத்தில் உருண்டு, சல்லடைக் கம்பிகளின் இடுக்கில் நழுவி, காற்றுத் தொட்டியின் சூறாவளியில் சுழன்று, நுண்ணுயிர்ச் சேனை கடித்தும் கவசம் விடாது, கசடோடு கசடாய்ப் படிந்து, கடைசியில் மணல் பரப்பிய உலர்படுகையில் வெயிலில் கொட்டப்பட்ட பின்பும், ஒன்றுமே நடவாததுபோல் முளைத்து இரண்டு இலை காட்டுகிறதே, அந்த மானங்கெட்ட மகா தைரியத்தை என்னென்று புகழ்வது! நம்மையெல்லாம் பக்கத்து வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட மறந்துவிட்டால் ஒரு மாதம் முகம் கொடுக்க மாட்டோம்.

கசடு காயும் படுகைகளில் ஆண்டுதோறும் இப்படிச் செடிகள் முளைப்பது நிலையத்தின் வழக்கம். அவற்றை யாரும் உண்ணாதிருப்பதும் வழக்கம். இவ்வாண்டோ, கடைசிப் படுகையின் நட்டநடுவில், ஒரு செடியில், ஒரே ஒரு கனி. திரட்சியில் குழந்தையின் கன்னம், பளபளப்பில் புதுக் காரின் மூக்கு, நிறத்தில் கோபம் வந்த மேலதிகாரியின் காது. அதைக் கண்ட கணத்தில் தொட்டிக்காரரின் நெஞ்சில் சூளுரை மீண்டும் முழங்கிற்று. தின்னத் தர வேண்டாம். காட்டினால் போதும். காய்கறி கண்டு கிழவரான அந்த நீதிமான் தம் வாயால் "நல்ல காய்" என்று தீர்ப்புச் சொல்லட்டும். சொன்ன பிறகு, அது விளைந்த திருத்தலம் எதுவென்று மருமகன் அறிவிப்பார்!

ஆனால் அக்கனியை முன்பே கண்டுவிட்ட கண்கள் இரண்டு இருந்தன. அவை ஸ்பேனர் என்று நாடறிந்த பம்பு மெக்கானிக்கின் கண்கள்.

கோட்டைக்கென்று எழுதாச் சட்டம் ஒன்றுண்டு: உள்ளே வந்து சேரும் பொருள் எதுவாயினும், முதலில் பார்த்தவருக்கே சொந்தம். சல்லடையில் சிக்கிய பந்துகள், கரண்டிகள், ஒற்றைக் கொலுசு, ஒரு பொம்மையின் தலை, யாரும் கேட்டு வராத பல்செட் என்று ஸ்பேனரின் வெற்றிச் சின்னங்கள் பம்பு அறை ஜன்னல் விளிம்பில் வரிசையாய் வீற்றிருந்தன. தொட்டிக்காரரின் பக்கமோ வெறும் விளிம்பு. அவர் எப்போதும் தண்ணீரின் மட்டத்தையே பார்ப்பவர். தண்ணீரில் வருவதைப் பார்ப்பவர் ஸ்பேனர்.

"அது பூவா இருக்கும்போதே நான் பாத்துட்டேண்ணே" என்றார் ஸ்பேனர்.

"பூவைத்தானேப்பா பாத்த? காயை நான்தான் பாத்தேன். பூவு உன்னுது, எடுத்துக்க."

"பூ எங்கண்ணே இருக்கு இப்ப?"

"அது உன் பாடு."

இவ்வாறு இருபெரும் வழக்கறிஞர்கள் ப்ளோயரின் இரைச்சலுக்கு மேலே வாதிட்டுக்கொண்டிருந்த வேளையில், கண்ணாடிக் குடுவை ஏந்திய கரத்தினளாய், வெள்ளைக் கோட்டின் நுனி காற்றில் கொடிபோல் அசைய, சோதனைக்கூடத்து வாயிலில் தோன்றினாள் லேப் அக்கா. தண்ணீரின் தலையெழுத்தைச் சொட்டு மருந்தால் படிப்பவள். அவள் புருவம் உயர்ந்தால் குளோரின் கூடும், தாழ்ந்தால் குறையும். அன்று அவள் அருளிய ஆணையாவது:

"நாளைக்குப் பெரிய இன்ஜினியர் வர்றாரு. படுகையில ஒரு செடி இருக்கக்கூடாது. ரெண்டு பேரும் ரெண்டு பக்கத்துலேர்ந்து புடுங்கிட்டு வாங்க. யார் கைக்கு அது மாட்டுதோ அவங்க வச்சுக்கங்க. இன்னொண்ணு, யாரும் அதை வாயில வைக்கக் கூடாது. வச்சா நான் பொறுப்பில்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வரலாற்றில் போர்கள் இப்படித்தான் மூள்கின்றன.

படுகையின் கிழக்கு விளிம்பில் தொட்டிக்காரர். மேற்கு விளிம்பில் ஸ்பேனர். நடுவே, தன்னால் விளையப்போகும் பேரழிவை அறியாத பேதைக் கனி. இருவரும் குனிந்தனர். செடிகள் வேரோடு பறந்தன. இலைகள் வானை மறைத்தன. மதங்கொண்ட களிறுகள் கரும்புக் காட்டில் புகுந்தாற்போல், தள்ளுபடி விலைப் புடவைக் குவியலில் நம் தெரு மாதர் புகுந்தாற்போல், இருபெரும் வீரரும் களை கொய்து களம் கடந்தனர். ஓடைக்கரைக் கொக்கு ஒற்றைக் காலை மாற்றி வைத்து இப்பக்கம் திரும்பிற்று. நிலையத்தின் வேலிக்கு வெளியே, ஏதோ வேலையாய் அந்தப் பக்கம் போனதாகப் பின்னால் சொல்லிக்கொண்ட நம் தெருவார் சிலர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றனர். ஸ்பேனர் இளையவர், முதுகு வளையும். ஒரு பிடியில் நாலு செடி பிடுங்கினார். தொட்டிக்காரரோ ஒரு செடி பிடுங்கி ஒரு முறை இடுப்பைப் பிடித்தார். மேற்குப் படை முன்னேறிற்று. கிழக்குப் படை மூச்சு வாங்கிற்று.

"அண்ணே, உட்காந்துக்கங்கண்ணே, நான் பாத்துக்கறேன்!" என்று எகத்தாளமாய்க் கூவினார் ஸ்பேனர்.

அச்சொல் வேலாய்த் தைத்தது. தொட்டிக்காரர் நிமிர்ந்தார். பிடுங்கும் முறையைக் கைவிட்டார். கனியை நோக்கி நேராக ஓடினார்.

அந்தோ! காய்ந்ததுபோல் வெடித்து, ஓடு பாவியதுபோல் கிடக்கும் கசடின் மேற்பரப்பை நம்பிக் கால் வைக்கலாகாதென்று, புதிதாய் வேலைக்கு வருவோர்க்கெல்லாம் முதல்நாளே உபதேசிப்பவர் அவர். அந்தக் கிழக்குப் பாதியில் போன வாரம் தம் கையாலேயே வால்வைத் திறந்து புதுக் கசடு விட்டவரும் அவரே. மாமனாரின் மீசை கண்ணை மறைத்திருந்தது, என் செய்வார்! மேலே ஓடு, அடியில் களி. வலக்கால் முழங்கால்வரை போயிற்று. இடக்கால் அதற்குத் துணை போயிற்று. கனிக்கோ இன்னும் ஓர் ஆள் நீளம். எதிரே ஸ்பேனர், காய்ந்த பாதியில் கம்பீரமாய் நடந்து, குனிந்து, விரல்களை விரித்தார்.

வேலிக்கு வெளியே மூச்சுகள் நின்றன.

அக்கணத்தில் தொட்டிக்காரர் விழுந்தார். வேரற்ற பெருமரம்போல் விழுந்தார். நெடுஞ்சாண்கிடையாய், முகம் குப்புற, ஊரார் அனைவரும் அனுப்பி வைத்த அந்த மெத்தையில், பொத்தென்று விழுந்தார். விழுந்த உடலின் நீளமும் நீட்டிய கையின் நீளமும் சேர்ந்து, ஸ்பேனரின் விரலுக்கும் கனிக்கும் இடையிலிருந்த கையகல வெளியில் போய் முடிந்தன. காம்பு ஒடிந்த ஓசை வேலிவரை கேட்டதென்பர். பிறகு களியிலிருந்து கறுத்த கை ஒன்று மெல்ல எழுந்தது. அதன் உச்சியில், ஒரு கீறலும் இன்றி, செஞ்சுடராய், அது.

"எனக்கு வேணாம்ணே. நீங்களே வச்சுக்கங்க" என்றார் ஸ்பேனர், இரண்டடி பின்வாங்கி. தோற்றவர் வாக்கில் இத்தனை நிம்மதி தொனித்த போர் பிறிதொன்றில்லை.

வெற்றி வீரர் ஊர்வலமாய் வீடு திரும்பினார். ஊர்வலம் என்றால் அவர் மட்டும்தான். தெரு இருபுறமும் தானாக விலகி வழிவிட்டது. மனைவி வாசலிலேயே வாளியோடு நின்றாள்.

"உள்ள காலை வச்சீங்க, நான் எங்க அப்பா வீட்டுக்குப் போயிடுவேன்."

"உங்க அப்பாதான் நாளைக்கு இங்க வர்றாரே."

"அதனாலதான் இன்னும் நிக்கறேன். குனியுங்க."

வாளி வாளியாய் நீர் பொழிந்தது. கனியும் தனியே நீராடிற்று: சோப்பில் ஒருமுறை, குளோரின் கரைத்த நீரில் ஒருமுறை, வெந்நீரில் வேண்டாமென்று அவர் தடுத்ததால் வெறும் நீரில் மறுமுறை. "இது என் அடுப்படிக்குள்ள வரக்கூடாது" என்று அவள் எல்லைக்கோடு கிழிக்க, கூடத்து மேசையில், கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில், ஜன்னல் வெளிச்சம் நேரே விழும்படி, அரியணை ஏறிற்று.

மறுநாள் காலை மாமனார் வந்தார். பை வைத்தார். பாட்டில் எடுத்தார். உட்கார்ந்தார். மேசையைக் கண்டார். வியாபாரிக் கண் ஒருமுறை சுருங்கி விரிந்ததை எதிர்மாடியிலிருந்தே பார்க்க முடிந்தது. இன்ஜினியரை ஸ்பேனரிடம் விட்டுவிட்டு லீவு போட்டிருந்த தொட்டிக்காரர் தூணோரம் நின்றார். சொல்லுவார், இதோ சொல்லுவார் என்று நின்றார். மாமனார் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். மருமகன் எதிர்பார்க்கிறான் என்று தெரிந்துவிட்டால் பாராட்டைப் பதுக்கி விலையேற்றுவது வியாபாரத்தின் பாலபாடம். பகல் ஏறியது. பேப்பரின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு கண் தோன்றி மறைந்தது. சொல் மட்டும் வரவில்லை. மனம் நொந்த நாயகர், மனைவியோடு கடைக்குப் புறப்பட்டார்.

வீட்டில் மாமனாரும் தக்காளியும் தனித்து விடப்பட்டனர்.

பிஸ்கட் டப்பா திறந்தது. உள்ளே தூள்தான் இருந்தது. வழியில் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் குழந்தைக்குக் கொடுத்தே தீர்த்திருந்தார் அந்த வள்ளல். மாமனார் எழுந்தார். ஜன்னலைப் பார்த்தார். நாம் துணியை உதறினோம். கிண்ணத்தருகே சென்றார்; முகர்ந்தார்; காம்புக் குழியைத் தடவினார்; கட்டைவிரலால் மெல்ல அமுக்கினார். ஆயுள் முழுதும் பிறர் தின்னத் தக்காளி விற்றவரின் நாவில் எச்சில் ஊறிற்று. காலடி ஓசையின்றி அடுப்படிக்குள் போனார். உப்பு ஜாடியோடு வந்தார். நாம் கத்தியிருக்கலாம். கத்தினால் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். முதல் கடியில் அவர் கண்கள் மூடின. இரண்டாம் கடியில் நாற்காலியில் சாய்ந்தார். அடுத்த கடிகளை அவர் எண்ணவுமில்லை, நாமும் எண்ணவில்லை. கடைசியில் உள்ளங்கை உப்பை நக்கி, கிண்ணத்தைத் துடைத்து, பேப்பரை எடுத்து, முகத்தின் முன் விரித்தார்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். தொட்டிக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார். பை கையிலிருந்து இறங்கிற்று.

"இங்க இருந்த தக்காளி எங்கப்பா?" என்றாள் மகள்.

"எந்தத் தக்காளி?" என்றது பேப்பர்.

பேப்பர் தாழ்ந்தது. மீசையின் வலத் தட்டில், வெண்மையும் மஞ்சளுமாய், சிறு விதை ஒன்று ஒட்டியிருந்தது. மகள் பார்த்துவிட்டாள். மருமகன் பார்த்துவிட்டார். மீசைக்காரர் மட்டும் பார்க்கவில்லை.

இதோ அந்தக் கணம்! பட்ட அவமானத்துக்கும், உரித்த ஆரஞ்சுக்கும், விழுந்த களிக்கும் வட்டியோடு கணக்குத் தீர்க்கும் கணம்! பிரம்மாஸ்திரம் நாவின் நுனியில் இருந்தது. ஒரு சொல் போதும். மாமனார் இத்தெருவில் இனித் தலைநிமிர்ந்து நடவார். எதிர்மாடியில் நாம் துணியை உதறுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தோம். தொட்டிக்காரர் வாய் திறந்தார். விதையைப் பார்த்தார். இத்தனை பயணம் வந்த விதை.

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும் மாமா."

மாமனார் கனைத்தார். "ஆமாமா. ஜன்னல் தொறந்திருந்துது. காக்காதான்." பேப்பரை மடித்து, எங்கோ பார்த்தபடி, "அது எங்க வெளஞ்ச காய் மாப்ள?"

"நம்ம எடத்துலதான் மாமா. வேலை செய்யற எடம்."

மாமனார் இதைச் சிறிது மென்றார். என்ன புரிந்தது, எவ்வளவு புரிய வேண்டாமென்று முடிவு செய்தார் என்பதை அந்த மீசையே அறியும். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"நல்ல காய். மண்ணு அருமையான மண்ணு." பிறகு தொண்டையைத் தடவிக்கொண்டார், உப்பு சற்றுக் கூடிப்போயிருந்தது. தம் பாட்டிலை எடுத்தார், காலியாக இருந்தது. "கொஞ்சம் தண்ணி குடுங்க மாப்ள."

மகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். தொட்டிக்காரர் தம் கையால் மொண்டு, தம் கையால் நீட்டினார். கை கழுவியதா என்று யாரும் கேட்கவில்லை. மாமனார் அண்ணாந்து, தம்ளர் கவிழக் குடித்தார். மீசை விதை நீரோடு உள்ளே போயிற்று.

வெற்றிக் களிப்பு அன்று மாலைவரை நீடித்தது. அதன்பின் அச்சம் என்னும் அரக்கன் நெஞ்சில் ஏறினான். லேப் அக்காவுக்குப் போன் போயிற்று. "தின்னாச்சா? யாரு? உங்க மாமனாரா? ஐயோ! வயித்தைப் பாத்துக்கங்க" என்றது மறுமுனை. அதற்குமேல் சிரிப்பு மட்டுமே கேட்டது. வயிற்றைப் பார்த்துக்கொள்வதெப்படி? மாமனார் அசைந்தால் மருமகன் அசைந்தார், மாமனார் ஏப்பம் விட்டால் மருமகன் எழுந்து உட்கார்ந்தார், "என்ன மாப்ள, தூக்கம் வரலியா?" என்று கேட்டவருக்கு வாய் நிறையப் பொய் சொன்னார்.

பொழுது புலர்ந்தது. கீழ்வானம் பழுத்தது. கோட்டையில் ப்ளோயர் சங்கென முழங்க, சல்லடைக் கம்பிகள் வேலேந்தி நிற்க, பெரிய இன்ஜினியர் பார்த்துப் பாராட்டிச் சென்ற படுகையில் ஒரு செடியும் இன்றிப் புதுமணல் மின்ன, பம்பு அறை ஜன்னலில் தம் விளிம்பை ஒட்டிய வெறும் விளிம்பில் காலிக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வந்து அமரப்போவதை அறியாமல் ஸ்பேனர் கொட்டாவி விட, மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் நம் தெருவும் விழித்தெழுந்து தத்தம் காணிக்கைகளைப் பாதாளக் குழாய்களில் ஒவ்வொன்றாய் அனுப்பத் தொடங்க, வென்ற மன்னன் திரும்பி வரும் தன் படையை எதிர்நோக்கி நிற்பதுபோல், கண் சிவந்து, கை கூப்பி, கழிவறைக் கதவின் வெளியே காது வைத்து நின்றார், நாற்றம் அஞ்சா நாசியோர், களி கண்டு கலங்காதவர், கனி கொண்ட தொட்டிக்காரர்.

மாமனார் வழக்கம்போலக் கக்கூஸுக்குப் போய்விட்டு, ஃப்ளஷ்ஷை இழுத்துவிட்டு வந்தார்.